ஃபிளஹூலக்: ஓர் ஐரிஷ் சொல்லின் கால்வழி

அயர்லாந்தில் ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் ஒரு சொல் உண்டு: ஃபிளஹூலக். கடைசி மெய்யைத் தொண்டையில் லேசாக உரசிவிட வேண்டும். விருந்தில் தட்டு நிரம்பி வழிந்தால் அது ஃபிளஹூலக் விருந்து. மதுக்கடையில் கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தன் செலவில் ஒரு சுற்று வாங்கித் தருகிறவர் ஃபிளஹூலக் மனிதர். உருளைக்கிழங்கை எண்ணி வைக்காமல் அள்ளிப் போடுகிற வீட்டம்மாவுக்கு இருப்பது ஃபிளஹூலக் கை.

அரசின் வரவு செலவுத் திட்டம் பற்றிப் பேச்சு எழும்போது இதே சொல் வேறு முகம் காட்டும். அமைச்சர் பிறர் பணத்தில் ஃபிளஹூலக்காக இருக்கிறார் என்று எதிர்வரிசையில் ஒருவர் சொன்னால் அது பாராட்டு இல்லை. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று நம் ஊரில் சொல்வோமே, அந்தக் குத்தல்தான். ஆங்கிலத்தில் கொடைக்கும் தாராளத்துக்கும் சொற்கள் நிறைய இருக்க, ஐரிஷ்காரர்கள் இந்த ஒன்றை விடாமல் வைத்திருப்பதற்கு இந்த இரட்டை முகமே காரணம். கேலி பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லின் வரலாற்றைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், கேலிக்கான இடம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தயாராக இருந்தது தெரிகிறது.

முதலில் சொல்லைப் பிரித்துவிடுவோம். ஐரிஷ் எழுத்தில் இதற்கு 12 எழுத்துகள். படிக்கத் தெரியாதவர் ‘ஃபிளைத்தியுலாச்’ என்று தடுக்கி விழுவார். ஐரிஷில் ‘ட்’ எழுத்தை அடுத்து ‘ஹ்’ எழுத்து வந்தால் முன்னது மறைந்து மூச்சொலி மட்டும் மிஞ்சும். எழுத்தில் தெரியும் மெய்களில் பல வாயில் வருவதில்லை. பழைய எழுத்துமுறையில் ஊமை எழுத்துகள் இன்னும் கூடுதல். 1945இலும் 1947இலும் அயர்லாந்து நாடாளுமன்றத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது இடையிலிருந்த சில கழிந்தன.

பகுதிகள் மூன்று. முதலில் ‘ஃபிளா’: தலைவன், ஆள்பவன். நடுவில் ‘ஊல்’: போன்ற. கடைசியில் ‘அக்’: பெயரடை ஆக்கும் விகுதி. மொத்தத்தில் ‘தலைவனைப் போன்ற’ என்பதுதான் நேர்ப்பொருள். கொடை என்ற கருத்து இந்த மூன்றில் எதிலும் இல்லை. நடுவில் நிற்கும் ‘ஊல்’ பழைய ஐரிஷில் ‘சமைல்’ என்ற சொல். உவமை என்று பொருள். லத்தீனின் ‘சிமிலிஸ்’, சமஸ்கிருதத்தின் ‘சம’ ஆகியவற்றோடு ஒரே வேர். நாம் சமஸ்கிருதத்திலிருந்து வாங்கிச் ‘சமம்’ என்று நாள்தோறும் புழங்குவதும் இதன் தூரத்து உறவு.

ஆங்கிலத்தில் வழங்கும் வடிவத்தை இப்படிப் பிரித்துக் காட்டியவர் பேட்ரிக் வெஸ்டன் ஜாய்ஸ். லிமரிக் மாவட்டத்தின் பாலிஹூரா மலையடிவாரத்தில் வளர்ந்தவர். டப்ளினில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கல்லூரியில் பணியாற்றியவர். அந்தப் பள்ளிகள் கற்பித்ததோ ஆங்கில வழியில். ஐரிஷ் சாயல் ஏறிய ஆங்கிலத்தைத் தொகுக்கப்போகிறேன், தெரிந்த சொற்களை எழுதியனுப்புங்கள் என்று 1892இல் பத்திரிகைகள் வழியாக வாசகர்களைக் கேட்டார். அதில் விளைந்த நூல் 1910இல் வந்தது. நம் சொல்லுக்குத் ‘தலைவனைப் போன்ற’ என்று மூலம் காட்டிய ஜாய்ஸ், அதற்குத் தந்த எடுத்துக்காட்டுகளில் கோட்டையும் இல்லை, கொற்றவனும் இல்லை. ஒரு பெண்ணின் பரிமாறும் கையும் நிறைவான ஒரு சாப்பாடும்தான் இருந்தன. அரசனுக்குரிய அடைமொழி சமையலறைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

‘ஃபிளா’வின் உறவினர்களைத் தேடிப்போனால் ஐரோப்பா முழுவதும் அலையலாம். முன்னைக் கெல்டிக் மொழியில் இது ‘வ்லட்டிஸ்’ என்று தொடங்கியது. அந்த மொழியின் முதல்நிலை ‘வ்’ ஐரிஷில் ‘ஃப்’ ஆகும், வேல்ஸ் மொழியில் ‘க்வ்’ ஆகும். லத்தீனில் ஆணைக் குறிக்கும் ‘விர்’ என்ற சொல்லுக்கு இணையாக ஐரிஷில் ‘ஃபெர்’ நிற்பதும் இந்த மாற்றத்தால்தான். ஆகவே ஐரிஷின் ‘ஃபிளா’வும் வேல்ஸின் ‘க்வ்லாட்’டும் ஒரே தாயின் பிள்ளைகள். வேல்ஸில் அதற்குப் பொருள் நாடு. ஒரு பிள்ளை ஆள்பவனையும் மற்றொன்று ஆளப்படும் நிலத்தையும் எடுத்துக்கொண்டன.

இன்னும் மேலே போனால் வலிமை, ஆட்சி என்ற பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்று இருக்கிறது. ஆயுதத்தையோ அதிகாரத்தையோ கையாள்வதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘வீல்ட்’, ஜெர்மனில் வன்மையைக் குறிக்கும் ‘கெவால்ட்’, ரஷ்யனில் அதிகாரத்தைக் குறிக்கும் ‘விளாஸ்த்’ எல்லாம் அதன் கிளைகள். மனிதர் பெயர்களில் அது இன்னும் தாராளமாக இறங்கியிருக்கிறது. வால்டர் என்றால் ஆட்சியும் படையும். ஹரால்ட் என்றால் படையும் ஆட்சியும். அதே இரண்டு துண்டுகளை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஜெரால்டில் ஈட்டி, அர்னால்டில் கழுகு. விளாதிமீரில் முதல் பாதி இந்த ஆட்சி. பின்பாதியை ‘உலகம்’ என்று ரஷ்யர்கள் பிற்பாடு படித்தாலும் பழைய பொருள் ‘பெரிய’ என்பதே என்கிறார்கள் மொழியறிஞர்கள். டொனால்ட் என்ற பெயர் ஸ்காட்லாந்தின் கெயிலிக் வழி வந்தது. உலகை ஆள்பவன் என்று பொருள். அதன் கடைசி ‘ட்’ ஆங்கிலம் ஒட்டவைத்தது. அயர்லாந்தில் அது இன்றும் ‘டோனல்’தான். சீனாவின் மேற்கோரப் பாலைவனத்தில் மடிந்துபோன டொகாரிய மொழியில் அரசனுக்கு ‘வலோ’ என்று பெயர். அதுவும் இந்தக் குடும்பம்.

இத்தனை உறவினர்களில் எவருமே கொடையாளி ஆகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஜெர்மனில் இந்த வேர் வன்முறை வரை போனது. ரஷ்யனில் அதிகாரத்தோடு நின்றது. விருந்தோம்பல் பக்கம் திரும்பியது ஐரிஷ் மட்டுமே. அது ஏன் என்பதற்கு விடை அகராதியில் இல்லை, பழைய ஐரிஷ் சட்டத்தில் இருக்கிறது.

‘கிரீத் கவ்லக்’ என்ற சட்டநூல் ஏறத்தாழ கி.பி. 700இல் எழுதப்பட்டது. மனிதர்களைப் படிநிலைப்படி அடுக்கி, யாருக்கு என்ன மானவிலை, அதாவது மானத்துக்குப் பங்கம் வந்தால் தர வேண்டிய ஈடு, என்று அது வகுக்கிறது. அதில் தலைவன் என்பவன் பிறப்பால் மட்டும் தலைவனாகிவிட மாட்டான். அவனை அண்டிய குடிகள் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. கடைநிலைத் தலைவனுக்கே பத்துப் பேர் வேண்டும். தலைவன் குடிக்கு மாடு தருவான். குடி ஆண்டுதோறும் தலைவனுக்கு மாமிசமும் மாவுப்பொருளும் திருப்பித் தரும். மாரிக்காலத்தில் தலைவன் தன் பரிவாரத்தோடு குடியின் வீட்டுக்கு வந்து உண்டு குடித்துத் தங்கிப் போவதும் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கேட்டு வந்தவனுக்குச் சோறும் படுக்கையும் மறுத்தால் மறுத்தவன் தன் மானவிலையையே இழக்க நேரும். இப்படிப்பட்ட ஊரில் தலைவனாக இருப்பதும் கொடுப்பதும் இரண்டு வேலைகள் இல்லை.

கொடுக்காத தலைவனுக்கு என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். தூவா டே டனன் என்ற தெய்வக் குலத்துக்குப் பிரெஸ் என்று ஒரு அரசன். அழகன், மகா கருமி. அவன் வீட்டுக்கு எத்தனை முறை போய்வந்தாலும் கத்தியில் கொழுப்பு ஒட்டாது, வாயில் மதுவாடை வராது என்று குலத்தார் குமைந்தார்கள். கைர்பிரெ என்ற புலவன் ஒருநாள் அங்கே போனான். இருண்ட சிறிய குடில், நெருப்பில்லை, படுக்கையில்லை; தட்டில் மூன்று காய்ந்த அப்பம். விடிந்ததும் அவன் அரசன்மீது ஒரு வசை பாடினான். அயர்லாந்தில் பாடப்பட்ட முதல் வசைப்பாட்டு அது என்பது மரபு. அத்தோடு பிரெஸின் அரசு போயிற்று.

எதிர்ப்பக்கத்துக்கு ஆள் குவாரெ. இவர் கதைமாந்தர் மட்டுமல்ல. கொனாக்ட் நாட்டை ஆண்டவர், 663இல் இறந்தவர். கொடுத்துக் கொடுத்து அவருடைய வலக்கை இடக்கையைவிட நீண்டுவிட்டது என்பார்கள். கால்வே மாவட்டத்தின் கோர்ட் ஊருக்கு முழுப் பெயர் இவர் பெயரோடுதான். கின்வாராவில் கடலோரம் நிற்கும் டன்குவாரெ கோட்டை 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்றாலும் பெயர் இவருடையது. பர்ரன் பாறைவெளியில் ‘தட்டுகளின் சாலை’ என்று ஒரு வழி இருக்கிறது. ஈஸ்டர் நாளன்று குவாரெயின் மேசையிலிருந்த விருந்து, காட்டில் நோன்பிருந்த கோல்மான் என்ற முனிவரைத் தேடிப் பறந்து போனதாம். அரசனும் பரிவாரமும் தட்டுகளைத் துரத்திக்கொண்டு ஓடிய தடம் அது.

இவரைப் பற்றியே இன்னொரு கதையும் இருக்கிறது. இடைக்கால ஐரிஷ் இலக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்த கிண்டல் அது. ஷென்கான் டோர்பேஷ்ட் என்ற தலைமைப் புலவர் 150 புலவர்களையும் 150 மாணாக்கர்களையும் அவரவர் வேலையாட்களையும் வேட்டை நாய்களையும் கூட்டிக்கொண்டு குவாரெ வீட்டில் வந்து இறங்கிவிடுகிறார். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை. பருவம் தப்பிய பழம் வேண்டும், எங்குமே கிடைக்காத பண்டம் வேண்டும். இல்லையென்றால் வசை. கொடையாளி என்று பெயர் எடுத்தவனால் இல்லை என்று சொல்ல முடியாது. கடைசியில் காட்டில் பன்றி மேய்க்கும் அரசனின் தம்பி மார்பான் வந்து, மறைந்துபோன டான் காப்பியத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை ஓரிடத்தில் இரண்டு இரவு தங்கக்கூடாது என்று தடைபோட்டுப் புலவர் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறார். ஆநிரை கவர்தலைப் பாடும் அந்தக் காப்பியம் நமக்குக் கிடைத்ததே, புலவர்களை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டியிருந்ததால்தான் என்கிறது கதை.

சரி, குவாரெ அள்ளி இறைத்தது யாருடைய மாடு? குடிகள் கொண்டுவந்து கட்டியதுதான். தலைவனின் மேசைமீது இருந்ததில் பெரும்பகுதி பத்து வீடுகளிலிருந்தோ நூறு வீடுகளிலிருந்தோ வந்தது. இந்தப் பக்கத்தை உரக்கச் சொன்னவர்கள் ஐரிஷ்காரர்கள் இல்லை, அவர்களை வெல்ல வந்த ஆங்கிலேயர். மன்னரின் தலைமை வழக்கறிஞராக அயர்லாந்தில் இருந்த சர் ஜான் டேவிஸ் 1612இல் ஒரு நூல் வெளியிட்டார். தலைவர்கள் பரிவாரத்தோடு குடிகளின் வீட்டில் போய் உண்பதை அப்பட்டமான சுரண்டல் என்று எழுதினார். அதற்கு ஆங்கில அதிகாரிகள் வைத்த பெயர் ‘கோஷரிங்’. இதுவும் ஐரிஷ் சொல்தான். ‘கோஷிர்’ என்றால் விருந்து. இன்றைய ஐரிஷில் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கும் அதே ‘கோஷிர்’தான். டேவிஸ் நடுநிலையான சாட்சி இல்லை. நிலத்தைப் பறிக்க வந்த அரசின் ஆள். ஆனாலும் தாராளத்துக்குப் பின்னால் இருந்த கணக்கை அவர் தவறாகப் படிக்கவில்லை. விருந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஃபிளஹூலக்காகத் தெரிந்தது, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவருக்குக் கோஷரிங்காகத் தெரிந்திருக்கும்.

பிறகு தலைவர்களே இல்லாமல் போனார்கள். 1601இல் கின்சேல் போரில் தோற்றார்கள். 1607 செப்டம்பரில் ஹியூ ஓநீல், ரோரி ஓடானெல் ஆகியோர் ரத்முல்லனில் கப்பலேறிப் போய்விட்டார்கள், ரோமில் இறந்தார்கள். அவர்களுக்கு ரோமில் மொழிபெயர்ப்பாளராகத் துணைநின்ற பாதிரியாரின் பெயரிலேயே நம் சொல் இருக்கிறது. ஃபிளாரி ஓ மெயில்கொனரெ: தலைவன் என்பதற்கான ‘ஃபிளா’, அரசன் என்பதற்கான ‘ரீ’. லூவேன் நகரில் ஐரிஷ் பிரான்சிஸ்கன் கல்லூரியை 1607இல் நிறுவியவர் அவரே. ஆங்கில நூல்களில் அவரை ஃபிளாரன்ஸ் கான்ரி என்ற பெயரில்தான் தேட வேண்டும். ஒலி கொஞ்சம் ஒத்துப்போனதால் தலைவனும் அரசனும் சேர்ந்து ஒரு பூவின் பெயருக்குள் ஒளிந்துகொண்டார்கள்.

பெயர்களைத் தொட்டுவிட்டதால் இன்னும் சில. ஓஃபிளாஹர்ட்டி என்ற குடும்பப்பெயருக்குத் தலைவனுக்குரிய செயல் செய்பவனின் வழி என்று பொருள். கால்வேக்கு மேற்கே ஆண்ட அந்தக் குலத்தின் பெயரை அரான் தீவில் 1896இல் பிறந்த நாவலாசிரியர் லியம் ஓஃபிளாஹர்ட்டி சுமந்தார். அதே அரான் தீவுகளில் 1934இல் வந்த ஒரு படத்தை எடுத்த அமெரிக்க ஆவணப்பட முன்னோடி ராபர்ட் ஃபிளாஹர்ட்டியும் சுமந்தார். வடக்கே அல்ஸ்டரில் இதே பெயர் லாவர்ட்டி, லாஃபர்ட்டி என்று வழங்குகிறது. ‘ஃப்’ எங்கே போனது என்று கேட்டால், ஐரிஷில் சில சூழல்களில் முதல் மெய் மெலியும். ‘ஃப்’ மெலிந்தால் மிஞ்சுவது வெறுமை. பெண்களின் பெயரிலும் அப்படித்தான். ஓர்லா என்று இன்று அயர்லாந்தில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். பொன் என்பதற்கான ‘ஓர்’ முன்னே நிற்க, ‘ஃபிளா’ வெறும் ‘லா’வாகி நிற்கிறது. அரசன் பிரையன் போருவின் மனைவியரில் ஒருத்தியாக இருந்து 1030இல் இறந்த கோர்ம்லா, ஐஸ்லாந்துக் கதைகள் வரை பெயர் பரவிய சூழ்ச்சிக்காரி, அதே லா.

சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது மொழி மாறிய காலத்தில். 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்துக்குப் பிறகு, 1851 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசுகிறோம் என்றவர்கள் சுமார் 15 லட்சம் பேர். மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவு. மொழியை விட்டவர்கள் ஆங்கிலத்தில் கிடைக்காத சில சொற்களைக் கையோடு கொண்டுவந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை பெயர்ச்சொற்கள்: முகஸ்துதிக்கு ‘பிளாமாஸ்’, மூடனுக்கு ‘அமடான்’, பஞ்சகாலத்தில் கடனுக்குத் தானியம் கொடுத்துக் குடும்பங்களை விழுங்கிய கடைக்காரனுக்கு ‘கொம்பீன்’. பெயரடைகள் அரிது. ‘கலோர்’ என்ற சொல் அதற்கும் முன்பே, 17ஆம் நூற்றாண்டிலேயே கடல் தாண்டி உலக ஆங்கிலத்தில் கலந்துவிட்டது. போதுமான அளவு என்று பொருள்படும் ஐரிஷ் தொடர், ஆங்கிலத்தில் ஏராளம் என்று ஆனது. இன்றும் அது ஐரிஷில் போலவே பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் நிற்கிறது. ஃபிளஹூலக் அப்படிப் போகவில்லை, ஊரிலேயே இருந்துவிட்டது. ஐரிஷில் இதற்கு எதிர்ச்சொற்களில் ஒன்று ‘கோர்ட்டக்’: கருமி, அள்ளித் தராதவன். ‘கோர்ட்டா’ என்றால் பஞ்சம். பெரும்பஞ்சத்தின் ஐரிஷ் பெயரும் ‘பெரிய கோர்ட்டா’தான். கருமித்தனத்துக்கும் பட்டினிக்கும் ஒரே வேரை வைத்திருக்கும் மொழியில் ஃபிளஹூலக் என்ற பாராட்டுக்கு என்ன எடை இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

தலைவர்கள் போய் முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆனபின் அந்த வேடத்தை முழுதாகப் பூண்ட ஒருவர் குடியரசிலேயே கிடைத்தார். சார்லஸ் ஹாஹி. நிதியமைச்சராக இருந்தபோது 1967இல் முதியோருக்கு இலவசப் பயணம் தந்தார். 1969இல் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் வருமான வரி விலக்குத் தந்தார். 1981இல் கலைஞர்களுக்கு அரசு உதவித்தொகை வழங்கும் ‘ஈஸ் டானா’ அமைப்பு தோன்ற ஆதரவாக நின்றார். பழைய புலவர் குலத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். டப்ளினுக்கு வெளியே கின்சீலியில் மாளிகை, குதிரைகள், கெரி கடற்கரைக்கு அப்பால் சொந்தத் தீவு. 1980 ஜனவரியில் தொலைக்காட்சியில் தோன்றி, நாடு வரவுக்கு மீறி வாழ்கிறது, சிக்கனம் வேண்டும் என்று மக்களுக்கு உபதேசமும் செய்தார். இந்த வாழ்க்கைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மொரியார்ட்டி விசாரணை ஆணையம் 2006இல் சொன்னது: 1979க்கும் 1996க்கும் இடையில் செல்வந்தர்களிடமிருந்து 90 லட்சம் ஐரிஷ் பவுண்டுக்கு மேல். பாரிஸ் சட்டைகளுக்குக் கட்சித் தலைவர் நிதியிலிருந்து பணம் போயிருந்ததும் வெளிவந்தது.

ஹாஹியின் இலவசப் பயணச் சீட்டில் பேருந்து ஏறிய முதியவர்கள் அவரை வெறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குவாரெயைப் போலவே அவரும் வாங்கியதில் கொஞ்சம் பகிர்ந்தார், பகிர்ந்தது எல்லோர் கண்ணிலும் படும்படி பகிர்ந்தார். இந்தச் சொல் மனத்தின் ஈரத்தை அளப்பது இல்லை. கை எவ்வளவு விரிகிறது என்று மட்டும் பார்க்கிறது. கைக்கு அது எப்படி வந்தது என்ற கேள்வியைப் பேசுகிறவரின் குரல் கேட்டுக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் கொடையாளிக்கு வழங்கும் ‘ஜெனரஸ்’ என்ற சொல்லும் உயர்குடிப் பிறப்பு என்ற லத்தீன் பொருளிலிருந்து இறங்கியதுதான். ஆனால் அது தன் பிறப்பை மறந்து வெகுநாளாகிறது. ஃபிளஹூலக் மறக்கவில்லை. அதனால்தான் அமைச்சரைக் குத்த அதுவே தேவைப்படுகிறது.

‘ஃபிளா’ இன்று வாழும் இன்னொரு இடம் சட்டப்புத்தகம். தலைவனின் ஆட்சி என்ற பொருளில் அதிலிருந்து பிறந்த ‘ஃபிளாஹஸ்’ என்ற சொல்லோடு மக்கள் என்பதற்கான முன்னொட்டைச் சேர்த்து, ‘ஃப்’ மெலிந்து விழ, ஜனநாயகத்துக்கு ‘டீன்லாஹஸ்’ என்று பெயர் உண்டாக்கினார்கள். 1937இல் இயற்றிய அரசமைப்பின் 5ஆம் பிரிவு அயர்லாந்தை ஜனநாயக நாடு என்று அறிவிக்கும் இடத்தில் இருப்பது அதிலிருந்து வந்த பெயரடைதான். அரசமைப்பின் ஐரிஷ் வடிவமும் ஆங்கில வடிவமும் முரண்பட்டால் ஐரிஷ் வடிவமே செல்லும் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது.